இரண்டே முக்கால் கிலோமீட்டர்: வால்டன் குளத்தைச் சுற்றும் பாதை



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய ஒரு பாதையைப் பற்றி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் கான்கார்ட் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊரை விட்டுத் தெற்கே கொஞ்ச தூரம் போனால், மரங்கள் அடர்ந்த சரிவுகளுக்கு நடுவே வால்டன் குளம் கிடக்கிறது. பரப்பு ஏறத்தாழ 61 ஏக்கர். கரையை ஒட்டிய ஒரு நடைபாதை குளத்தை முழுதாகச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறது. நீளம் இரண்டே முக்கால் கிலோமீட்டர். அவசரம் இல்லாமல் நடந்தாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஏறி நின்று பார்க்கச் சிகரம் இல்லை. வியந்து நிற்க அருவியும் இல்லை. இருந்தும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் அங்கே வருகிறார்கள். காரணம் ஹென்றி டேவிட் தோரோ. 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை அவர் அந்தக் கரையில், தன் கையால் கட்டிய சிறு வீட்டில் வாழ்ந்தார். அந்த வாழ்க்கையிலிருந்து எழுந்த 'வால்டன்' 1854-இல் வெளிவந்தது. வருகிறவர்களில் மிகப் பலர் அந்த வீடு நின்ற இடத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். 'வால்டன்' நூலுக்கு ஓர் உரை வேண்டுமென்றால் அதை வீட்டு மனையில் தேடக்கூடாது, குளத்தைச் சுற்றும் பாதையில் தேட வேண்டும் என்பதே என் வாதம். சிறிய ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுவது, பார்த்ததை அளப்பது, அளந்ததை மறு ஆண்டும் போய்ச் சரிபார்ப்பது: தோரோ எழுதிய முறை இது. நூலின் வடிவமும் அதன் நேர்மையும் இந்த முறையிலிருந்தே பிறந்தன என்று நான் கருதுகிறேன்.

முதல் சான்று நூலுக்குள்ளேயே இருக்கிறது. குளங்களைப் பற்றிய அத்தியாயத்தில் தோரோ இந்தப் பாதையைத் தனியாகக் கவனித்து எழுதியிருக்கிறார். கரையில் அடர்ந்த காட்டை அண்மையில்தான் வெட்டியிருந்தார்கள். அந்த இடத்திலும் செங்குத்தான சரிவின் மேல், அலமாரித் தட்டைப்போல ஒடுங்கிய ஒரு தடம் குளத்தைச் சுற்றி ஓடுவதை அவர் காண்கிறார். அது ஏறுகிறது, இறங்குகிறது, தண்ணீரை நெருங்குகிறது, விலகுகிறது. இந்த மண்ணில் மனிதர்கள் வாழத் தொடங்கிய காலத்தளவு அது பழையதாக இருக்கலாம் என்கிறார். பூர்வகுடி வேட்டைக்காரர்களின் கால்கள் தேய்த்த தடம் அது. இன்றைய குடிகள் அதன் வயது தெரியாமலே அதில் நடக்கிறார்கள். குளிர்காலத்தில், மெல்லிய பனி பெய்து ஓய்ந்த கையோடு, உறைந்த குளத்தின் நடுவில் போய் நின்றால் அந்தத் தடம் வளைந்து நெளிந்த ஒரு வெள்ளைக் கோடாகத் துலங்கித் தெரியும் என்பதையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். புல்லும் சுள்ளியும் மறைக்காத அந்த நேரத்தில், கோடையில் பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தப்பிவிடுகிற தடம், கால் மைல் தள்ளி நின்றாலும் தெரிகிறதாம். அந்தக் காட்சி கிடைப்பதற்கு என்னவெல்லாம் நடந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கோடையில் அதே தடத்தைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்க வேண்டும். பனிக்காலத்தில் நடுக்குளத்துக்குப் போயிருக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட நினைவு இருக்க வேண்டும். ஒரு முறை வந்து போகிறவருக்கு இது வாய்க்காது.

வீட்டின் கதை இதற்கு நேர்மாறானது. பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் கொண்ட அந்த வீட்டுக்கு ஆன செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று நூலில் கணக்கு இருக்கிறது. நிலம் அவருடையதல்ல, நண்பர் எமர்சனுடையது. தோரோ வெளியேறிய பிறகு வீடு கைமாறி, வேறிடத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போகப்பட்டு, தானியம் வைக்கும் கொட்டகையாகி, 1868-இல் பிரிக்கப்பட்டது. எங்கே நின்றது என்பதுகூட மங்கிப்போய், 1945-இல் ரோலண்ட் ராபின்ஸ் என்பவர் தோண்டிப் புகைபோக்கியின் அடித்தளத்தைக் கண்டுபிடித்த பிறகே இடம் உறுதியாயிற்று. இன்று அங்கே கருங்கல் தூண்களும், வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகும் கற்களின் குவியலும் உள்ளன. வாகனம் நிறுத்தும் இடத்துக்கு அருகே அதே அளவில் ஒரு மாதிரி வீடு நிற்கிறது. அவற்றைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அவை நினைவுச் சின்னங்கள். தோரோ பார்த்த எதையும் அவை நமக்குக் காட்டுவதில்லை. தோரோ தன் காலத்திலேயே பழையது என்று சொன்ன தடமோ இன்னும் கால்களின் கீழ் இருக்கிறது. கரை அரிக்காமல் இருக்க வேலியும் படிகளும் போட்டுத் திருத்தியிருக்கிறார்கள், உண்மைதான். குளம் எந்த வளைவில் திரும்புகிறதோ அங்கே பாதையும் திரும்புகிறது, அது மாறவில்லை.

சுற்றி நடப்பது அறிவாகுமா என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு விடை குளத்தின் ஆழத்தில் இருக்கிறது. வால்டன் குளத்துக்கு அடியே கிடையாது என்று ஊரில் பலர் நம்பினார்கள். எவரும் அளந்து பார்க்கவில்லை. 1846-இன் தொடக்கத்தில், குளம் உறைந்திருந்தபோது, தோரோ திசைகாட்டியும் சங்கிலியும் ஆழம் பார்க்கும் கயிறும் எடுத்துக்கொண்டு போனார். கயிறு மீன்பிடிக்கிற சாதாரணக் கயிறு. நுனியில் ஒன்றரை ராத்தல் எடையுள்ள ஒரு கல். கல் அடிமண்ணில் பதிந்து கிடக்கும்போது இழுக்கக் கடினமாக இருக்கும், அது அடியை விட்டு எழுந்ததும் கீழே தண்ணீர் புகுந்து தூக்கிவிடும். கைக்குத் தெரிகிற அந்த வேறுபாட்டை வைத்தே ஆழத்தைத் துல்லியமாகச் சொல்ல முடிந்தது என்று எழுதுகிறார். நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இப்படிக் கல்லை இறக்கினார். மிக ஆழமான இடம் 102 அடி. வரைபடம் போட்ட பிறகு ஒரு நீளக்கோடும் ஓர் அகலக்கோடும் இழுத்தார். இரண்டும் வெட்டிக்கொண்ட புள்ளியிலேயே மிக ஆழமான இடமும் இருந்தது. கரையின் வடிவத்தைப் பார்த்தே அடியின் வடிவத்தை ஊகிக்கலாமோ என்ற கேள்வி அவருக்கு அங்கே எழுகிறது. மனிதனுடைய குணத்தின் ஆழத்தையும் அவன் அன்றாடம் நடக்கும் கரைகளை வைத்துக் கணிக்கலாமோ என்று அதை நீட்டுகிறார். நூலின் புகழ்பெற்ற சிந்தனை ஒன்று கயிற்றிலும் கல்லிலும் தொடங்கியிருக்கிறது. பிற்கால அளவைகளும் ஏறக்குறைய அதே 102 அடியைத்தான் சொல்கின்றன. கரையைச் சுற்றி நடக்கிறவர் இதில் ஒரு பகுதியைத் தானே சரிபார்க்கலாம். ஓடை எதுவும் குளத்துக்குள் வருவதில்லை, குளத்திலிருந்து வெளியேறுவதும் இல்லை. பனியாறு பின்வாங்கியபோது மண்ணில் புதைந்துபோன பெரும் பனிக்கட்டி உருகி உண்டான பள்ளம் இது, நிலத்தடி நீரே இதை நிரப்புகிறது. அதனால் நீர்மட்டம் பல ஆண்டுகளுக்கு ஒரு முறை உயர்ந்து தாழ்கிறது. உயரும்போது கரையோரம் முளைத்த மரங்களைக் கொன்றுவிடுகிறது. தாழ்ந்ததும் மரமற்ற கல்கரை வெளியே தெரிகிறது. இந்த உயர்வு தாழ்வைத் தோரோ ஆண்டுக்கணக்கில் குறித்து வந்தார். தான் அங்கே வாழ்ந்த காலத்தைவிட 1852 கோடையில் நீர் ஐந்தடி உயர்ந்திருந்ததை அவர் எழுதுகிறார். 1852 என்றால், வீட்டை விட்டு வந்து ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன.

இந்த ஐந்து ஆண்டுகள் என் வாதத்துக்கு மிக முக்கியம். 'வால்டன்' குளக்கரையில் உட்கார்ந்து இரண்டு ஆண்டில் எழுதி முடித்த நூல் என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அங்கே எழுதியது முதல் வடிவம் மட்டுமே. அது இறுதி நூலைவிட மிகவும் சிறியது. அதன் பிறகு 1854 வரை தோரோ அதை மறுபடி மறுபடி எழுதினார்; ஏழு வடிவங்களை ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். இலையுதிர் காலமும் பனிக்காலமும் வசந்தமும் விரிவடைந்தது பிந்தைய வடிவங்களில்தான். இரண்டு ஆண்டு வாழ்க்கையை ஒரே ஆண்டாகச் சுருக்கி, கோடையில் தொடங்கி வசந்தத்தில் முடிகிற ஒரு வட்டமாக அமைத்ததை அவரே நூலில் தெரிவித்துவிடுகிறார். குளத்துப் பனி முழுதாக உடைந்த நாட்களை அவர் வரிசையாகத் தருவதைப் பாருங்கள்: 1845-இல் ஏப்ரல் 1, 1846-இல் மார்ச் 25, 1847-இல் ஏப்ரல் 8, 1851-இல் மார்ச் 28, 1852-இல் ஏப்ரல் 18, 1853-இல் மார்ச் 23, 1854-இல் ஏப்ரல் 7 வாக்கில். நூல் வெளியானது அதே 1854 ஆகஸ்டு 9. அச்சுக்குப் போகிற ஆண்டின் வசந்தத்தில்கூடக் குளக்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு தேதியைச் சேர்த்திருக்கிறார். வால்டனில் குடியிருந்தது இரண்டு ஆண்டு. வால்டனைச் சுற்றி நடந்தது ஏறக்குறைய வாழ்நாள் முழுதும். நூலை எழுதியது இந்த இரண்டாவது தோரோ என்று சொன்னால் மிகையாகாது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது மிகப் பழையது, தோரோவைப் பிடிக்காதவர்கள் இன்றும் விடாமல் சொல்வது. காட்டுக்குப் போனேன் என்கிறாரே, ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தானே, அடிக்கடி வீட்டுக்குப் போய் அம்மா சமைத்ததைச் சாப்பிட்டாரே, இது என்ன துறவு என்பது அந்தக் கேள்வி. தோரோவைத் துறவியாக வைத்துப் பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டு நிற்கும். பாதையை நடந்து பார்த்தால் நிற்காது. குளத்தின் தென்மேற்கு மூலையைத் தொட்டுக்கொண்டு ரயில் போகிறது. அந்த ரயில்பாதை கான்கார்டை எட்டியது 1844-இல், தோரோ குடிவருவதற்கு ஓராண்டு முன்னால். பாஸ்டனுக்குப் போகும் ரயில்கள் இன்றும் அதில் ஓடுகின்றன. தோரோ ஊருக்குப் போக அந்த ரயில்பாதைக் கரையைத்தான் வழியாகக் கொண்டார். தன் வீட்டுக்கான பலகைகளை, அந்தப் பாதை போட வந்த ஐரிஷ் தொழிலாளி ஜேம்ஸ் காலின்ஸின் குடிசையை நான்கே கால் டாலருக்கு வாங்கிப் பிரித்து எடுத்தார். வசந்தத்தில் ரயில்பாதைக்காக வெட்டிய மண்சரிவு உருகி வழிந்து, இலைகளாகவும் நரம்புகளாகவும் உருக்கொள்வதை அவர் எழுதியிருக்கும் பக்கங்கள் நூலின் உச்சம். அந்தக் காட்சி இயந்திரங்களுக்காக மனிதர் வெட்டிய காயத்தில் கிடைத்தது. 1846 ஜூலையில், செப்பனிடக் கொடுத்திருந்த ஒரு ஷூவை வாங்கக் கான்கார்டுக்குப் போனபோதுதான் தலைவரி கட்டாததற்காகப் பிடித்து ஓர் இரவு சிறையில் வைத்தார்கள். அந்த இரவிலிருந்து பிறந்த கட்டுரை பின்னால் தென்னாப்பிரிக்காவில் காந்தியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் ஊரைத் துறக்கவில்லை. ஊரின் விளிம்பில் நின்று, ஊர் வாழும் முறைக்குக் கணக்குக் கேட்டார். நூலின் தொடக்கமும் ஊர்க்காரர்களின் கேள்விகள்தான்: என்ன சாப்பிட்டாய், பயமாக இல்லையா என்று அவர்கள் கேட்டதற்கு 1847-இல் கான்கார்ட் மன்றத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவே முதல் அத்தியாயத்தின் வித்து.

குளத்தின் மேற்குப் பக்கத்தில் நடக்கிறவர்கள் நம் ஊரோடு தொடர்புள்ள ஒரு செய்தியை நினைத்துக்கொள்ளலாம். 1846-47 குளிர்காலத்தில் நூறு ஐரிஷ் தொழிலாளர்கள் அன்றாடம் வந்து வால்டன் குளத்துப் பனிக்கட்டியை வெட்டினார்கள். ஏர் பூட்டி உழுவதைப்போல உறைந்த நீரில் சால் போட்டு, கட்டிகளாகப் பெயர்த்து, கரையில் 35 அடி உயரத்துக்கு அடுக்கினார்கள். குவியல் பத்தாயிரம் டன் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அப்போது நியூ இங்கிலாந்தின் குளத்துப் பனிக்கட்டி மரத்தூளில் பொதிந்து கப்பலேறி இந்தியத் துறைமுகங்களுக்கு வந்துகொண்டிருந்தது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் சென்னைக் கடற்கரையில் 1842 வாக்கில் எழுப்பிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். பிலிகிரி ஐயங்கார் என்பவர் அதை வாங்கிக் குடியிருந்தபோது, 1897-இல் விவேகானந்தர் தங்கிய கட்டடம். மதராஸ், பம்பாய், கல்கத்தா மக்கள் தன் கிணற்று நீரைக் குடிப்பதாகத் தோரோ கற்பனை செய்கிறார். அதே பத்தியில் தான் காலையில் பகவத் கீதையில் மூழ்குவதையும், வால்டன் நீர் கங்கையில் கலப்பதையும் சொல்கிறார். நம்மவர்கள் இதைப் படித்துப் பெருமைப்படுவது இயல்பு. ஆனால் அதற்கு முந்தைய பக்கத்திலேயே உண்மை நிலையும் எழுதியிருக்கிறது. வைக்கோலும் பலகையும் போட்டு மூடிய அந்தக் குவியலில் ஒரு பகுதியைத்தான் அடுத்த ஜூலையில் எடுத்துக்கொண்டு போனார்கள். மிச்சம் வெயிலில் கிடந்து, 1848 செப்டம்பரில்தான் முழுதாக உருகிக் குளத்துக்கே திரும்பியது. கற்பனையைக் கங்கை வரை பறக்கவிட்டவர், உருகிய மாதத்தையும் குறித்து வைத்திருக்கிறார். இந்த இரண்டும் ஒரே மனதில் சேர்ந்திருப்பதால்தான் அவரை நான் நம்புகிறேன்.

அவர் எல்லாவற்றையும் சரியாகப் பார்த்தவர் என்று நான் சொல்லவில்லை. ஐரிஷ் ஏழைகளைப் பற்றி, குறிப்பாக ஜான் ஃபீல்டு என்ற விவசாயக் கூலியின் குடும்பத்தைப் பற்றி, அவர் எழுதியிருப்பதில் இரக்கம் குறைவு. பல பிள்ளைகளை வைத்துக்கொண்டு மழை ஒழுகும் வீட்டில் இருப்பவனிடம் தேநீரையும் இறைச்சியையும் விட்டால் விடுதலை கிடைக்கும் என்று போதிப்பது, தனி ஆளாக எமர்சனின் நிலத்தில் இருந்தவருக்கு எளிது. ஆனால் அதே நூலில், குளத்தை அடுத்த காட்டில் முன்பு வாழ்ந்தவர்களைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. அடிமையாக இருந்த கேட்டோ இங்கிராம், நூல் நூற்றுப் பிழைத்த ஸில்ஃபா என்ற கறுப்பினப் பெண், அடிமையாக இருந்து விடுதலை பெற்ற பிரிஸ்டர் ஃப்ரீமன், குறி சொன்ன அவர் மனைவி ஃபெண்டா. மாசசூசெட்ஸில் அடிமைமுறை 1780-களில் முடிந்தபோது, விடுதலையானவர்களுக்கு ஊருக்குள் இடம் கிடைக்கவில்லை. எவரும் விரும்பாத மணல் மண் கொண்ட வால்டன் காடு கிடைத்தது. ஸில்ஃபாவின் வீட்டை 1812 போரின்போது சிறைப்பட்டிருந்த ஆங்கிலச் சிப்பாய்கள் எரித்துவிட்டார்கள். தோரோ வந்தபோது மிஞ்சியிருந்தவை நிலவறைப் பள்ளங்களும், வாசலில் நட்ட லைலாக் செடியும்தான். அந்தச் சிற்றூர் ஏன் நிலைக்கவில்லை, கான்கார்ட் மட்டும் ஏன் நிலைத்தது என்று அவர் கேட்கிறார்; முழுப் பதிலை அவர் தரவில்லை. ஆனாலும் கேள்வி கேட்கவாவது அந்தப் பள்ளங்களைத் தாண்டித் தாண்டி நடந்திருக்க வேண்டும். வால்டன் என்றால் மனித வாடையற்ற காடு என்று எண்ணிப் போகிறவர்கள், பிரிஸ்டர் ஃப்ரீமன் வாழ்ந்த பிரிஸ்டர் குன்றின் பக்கம் திரும்பிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது எதிர்வாதம் தோரோவே சொன்னது, எனவே வலுவானது. 'நடத்தல்' என்ற அவருடைய கட்டுரையும் சொற்பொழிவாகத் தொடங்கியதுதான். 1851 முதல் பல முறை பேசி, அவர் இறந்த பின் 1862 ஜூனில் அச்சானது. அதில் அவர், நம் நடைகள் வெறும் சுற்றுலாக்கள், மாலையில் கிளம்பிய அடுப்படிக்கே திரும்பிவிடுகிறோம், பாதி நடை வந்த தடத்தில் திரும்புவதுதான் என்று குறைப்படுகிறார். நடக்கிறவன் இனித் திரும்பமாட்டேன் என்ற மனதோடு கிளம்ப வேண்டும் என்கிறார். 'வால்டன்' முடிவிலும், குடிவந்த ஒரே வாரத்தில் தன் கால்கள் வாசலிலிருந்து குளத்துக்கு ஒரு தடம் தேய்த்துவிட்டதைக் கவனித்து, மனமும் இப்படித்தான் தேய்ந்த தடங்களில் விழுந்துவிடுகிறது என்று கவலைப்படுகிறார். வட்டப்பாதையைப் புகழ்கிற எனக்கு இது மறுப்பாகாதா? இதே 'நடத்தல்' கட்டுரையில் வேறொரு இடம் இருக்கிறது. பத்து மைல் ஆரமுள்ள ஒரு வட்டத்துக்குள், அதாவது ஒரு பிற்பகல் நடைக்கு எட்டும் நிலத்தில், எழுபது ஆண்டு வாழ்ந்தாலும் முழுதும் பழகித் தீராத புதுமை இருக்கிறது என்கிறார் அவர். கான்கார்டுக்குள்ளேயே நிறையப் பயணம் செய்தவன் என்று 'வால்டன்' தொடக்கத்திலும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அவர் எதை எதிர்க்கிறார் என்பது தெளிவாகும். கவனம் இல்லாமல் திரும்பிவருவதை எதிர்க்கிறார். தினமும் நான்கு மணி நேரமாவது நடந்தவர், தொழிலால் நில அளவையாளர், நடந்த நடையெல்லாம் வீட்டில் முடிந்தவர். இனித் திரும்பமாட்டேன் என்ற மனதோடு கிளம்பி, திரும்பி வந்து குறிப்பேட்டில் எழுதினார். அவர் சொல்லையும் வாழ்க்கையையும் ஒருசேர எடுத்துக்கொண்டால், வட்டம் சிறியதாக இருப்பது குறையே இல்லை. தூரம் போகிறவனுக்குப் புதுமையை இடம் கொடுக்கிறது. ஒரே இடத்தைச் சுற்றுகிறவன் புதுமையைத் தன் கண்ணால் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது எதிர்வாதம் சூழலைப் பற்றியது. இத்தனை பேர் போய்ப் போய்த்தானே அந்தக் குளம் கெடுகிறது, நீங்களும் போகச் சொல்கிறீர்களே என்று கேட்கலாம். இதில் நியாயம் உண்டு. தோரோ இறந்து நான்கே ஆண்டில், 1866-இல், ரயில் கம்பெனி குளக்கரையில் ஒரு கேளிக்கைப் பூங்கா வைத்தது; 1902-இல் அது எரிந்த பிறகு மறுபடி கட்டவில்லை. அண்மைக்கால ஆய்வுகள், நீச்சலுக்கு வருகிற கூட்டத்தின் சிறுநீரால் குளத்தில் சத்துப்பொருள் கூடி, பாசியினங்கள் மாறியிருப்பதைக் காட்டியிருக்கின்றன. ஆனால் காப்பாற்றியவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். 1922-இல் எமர்சன் குடும்பத்தாரும் பிற நில உரிமையாளர்களும் கரையின் பெரும்பகுதியை மாநிலத்துக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார்கள். எமர்சனும் தோரோவும் அறிந்த வால்டனைக் காக்க வேண்டும் என்று அந்தப் பத்திரம் சொல்கிறது. கூடவே பொதுமக்கள் குளிக்கவும் படகு விடவும் மீன் பிடிக்கவும் உரிமை உண்டு என்றும் சொல்கிறது. 1957-இல் நிர்வாகம் குளிக்கும் கரையை விரிவாக்கப் புல்டோசரை இறக்கி மரங்களையும் சரிவையும் அழிக்கத் தொடங்கியபோது, ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1960-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தப் பத்திரத்தை வைத்தே அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பக்கத்துக் காட்டில் அலுவலகக் கட்டடமும் குடியிருப்பும் வர இருந்தபோது, பாடகர் டான் ஹென்லி 1990-இல் தொடங்கிய அமைப்பு அந்த நிலங்களை வாங்கியது. அந்த இடத்தைக் காலால் அறிந்தவர்களும் நூலால் அறிந்தவர்களும்தான் ஒவ்வொரு முறையும் குறுக்கே வந்து நின்றிருக்கிறார்கள். கூட்டம் ஓர் எல்லையைத் தாண்டினால் இன்று வாசலை மூடிவிடுகிறார்கள். அது சரியான ஏற்பாடு, இன்னும் கண்டிப்பாக இருந்தாலும் நான் வரவேற்பேன்.

கடைசியாக, நூலே போதுமே, இடம் எதற்கு என்பவர்களுக்கு. இது எழுத்தாளரைத் தெய்வமாக்கி வலம் வருவது என்று அவர்கள் ஐயப்படுகிறார்கள். கல் குவியலோடு நின்றுவிட்டால் அந்த ஐயம் சரிதான். ஆனால் 1851 முதல் 1858 வரை தோரோ கான்கார்டில் நூற்றுக்கணக்கான செடிகள் முதலில் பூத்த நாட்களைப் பட்டியலிட்டு வைத்தார். அவருக்குப் பிறகு ஆல்ஃபிரட் ஹாஸ்மர் என்ற கான்கார்டுக் கடைக்காரர் 1878-இலும், 1888 முதல் 1902 வரையிலும் அதே வேலையைச் செய்தார். நம் நூற்றாண்டில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு பிரைமாக்கும் ஆபிரகாம் மில்லர்-ரஷிங்கும் அந்தப் பட்டியல்களைக் கையில் எடுத்துக்கொண்டு அதே காடுகளில் அதே வாரங்களில் நடந்தார்கள். பரவலாகக் காணப்படும் 43 வகைச் செடிகள் தோரோவின் காலத்தைவிடச் சராசரியாக ஏழு நாள் முன்னதாகப் பூப்பதை அவர்கள் கண்டார்கள். தோரோ பார்த்த வகைகளில் கால் பங்குக்கு மேல் இப்போது கண்ணில் படவில்லை. புவி வெப்பமடைவதற்குச் சான்றாக இலக்கியவாதி ஒருவரின் குறிப்பேட்டை அறிவியல் ஏற்றுக்கொண்டது இப்படித்தான். 'வால்டன்' நூலைப் படித்துவிட்டு ஏப்ரலிலோ மேயிலோ அந்தப் பாதையில் நடக்கிற எவரும், எது பூத்திருக்கிறது, எது இன்னும் மொட்டு என்று ஒரு தாளில் தேதியோடு குறித்துக்கொள்ளலாம். ஒப்பிட்டுப் பார்க்கத் தோரோவின் தேதிகள் அச்சில் இருக்கின்றன.